முடிந்த ஜாப்பும் இடம் பிடிக்கும்: ஐபிஎம் ஐ கணினியில் ஜாப் டேபிளைச் சரி செய்த அனுபவம்

இரவு ஷிஃப்டில் இருந்த ஆபரேட்டர் ஒரு நாள் போன் செய்தார். "சார், வொர்க் வித் யூசர் ஜாப்ஸ் போட்டேன். திரை வரவே இல்லை. கீழே எக்ஸ் குறி அப்படியே நிற்கிறது. ஷிஃப்ட் ஆரம்பிச்சதுல இருந்தே இப்படித்தான்" என்றார். ஜாப் என்பது கணினியில் ஓடும் ஒரு வேலை; அவர் போட்டது ஜாப்களைப் பட்டியலிடும் கட்டளை. எக்ஸ் குறி நின்றால் கணினி இன்னும் பதில் தரவில்லை என்று அர்த்தம். நெட்வொர்க்காக இருக்கும் என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் கன்சோலிலேயே அதே கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். நெட்வொர்க்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எக்ஸ் குறி மறைந்து பட்டியல் வருவதற்குள் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏஎஸ்/400 குடும்பத்துக் கணினிகளில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் கட்டுரை பயன்படும் என்று நம்புகிறேன். 1988 ஜூனில் ஏஎஸ்/400 என்று வந்தது, பிறகு ஐசீரிஸ், சிஸ்டம் ஐ என்று பெயர் மாறி, 2008 முதல் பவர் சர்வரில் ஓடும் ஐபிஎம் ஐ ஆகியிருக்கிறது. எத்தனை பெயர் மாறினாலும் உள்ளே வேலை நிர்வாகம் நடக்கும் முறை பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது. ஒவ்வொரு ஜாப்புக்கும் ஒரு வரி வைத்திருக்கும் ஜாப் டேபிளும் அதில் ஒன்று. நான் பல வருடம் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. அது தானாக நடக்கும் காரியம் என்றே நினைத்திருந்தேன்.

மந்தம் என்றதும் எல்லோரும் பார்ப்பதைத்தான் நானும் முதலில் பார்த்தேன். சிபியூ பாதிகூட ஓடவில்லை. மெமரி பூல்களில் பேஜ் ஃபால்ட் வழக்கமான அளவில் இருந்தது. டிஸ்க் எதுவும் திணறவில்லை. பயனாளர்களின் ஆர்டர் திரைகள் வேகமாகவே இருந்தன. ஜாப்களைப் பட்டியலிடும் கட்டளைகள் மட்டும்தான் இழுத்தன. வொர்க் வித் யூசர் ஜாப்ஸ், வொர்க் வித் ஆக்டிவ் ஜாப்ஸ், அப்புறம் ஜாப் பட்டியலை ஏபிஐ வழியாக எடுக்கும் எங்கள் கண்காணிப்பு புரோகிராம். இந்த மூன்றுக்கும் என்ன பொது என்று அன்றைக்கே யோசித்திருந்தால் சில மாதம் மிச்சமாகியிருக்கும்.

இன்னொரு தடயமும் இருந்தது. அதற்குச் சில வாரம் முன்பு மின்சாரம் போய், யுபிஎஸ்ஸும் தாங்காமல், கணினி முறையாக இறங்காமலே நின்றுவிட்டது. மறுபடி ஏற்றியபோது ஐபிஎல் (கணினியைத் தொடங்கும் செயல்முறை) படிகளில் ஜாப் டேபிளைச் சீர் செய்யும் படியிலேயே வெகு நேரம் நின்றது. கன்சோல் முன்னால் நின்றுகொண்டு, ஏதோ ஆப்ஜெக்ட் கெட்டுவிட்டது போல என்று பயந்தேன். கடைசியில் நல்லபடியாக ஏறிவிட்டது. ஏறியதும் அந்த நிறுத்தத்தை மறந்தும் போய்விட்டேன்.

சிஸ்டம் ஸ்டேட்டஸ் திரையின் மேல் பகுதியில் "ஜாப்ஸ் இன் சிஸ்டம்" என்று ஒரு எண் வரும். நான் தினமும் திறக்கும் திரை அது. என் கண் எப்போதும் அதே பகுதியில் இருக்கும் சிபியூ சதவீதத்துக்கும் டிஸ்க் சதவீதத்துக்கும்தான் போகும். ஜாப் எண்ணிக்கை ஆறு இலக்கத்தைத் தொட்டு எத்தனை நாள் ஆகிறது என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

பிறகு ஒரு நாள் ஆபரேட்டர் மெசேஜ் க்யூவில் சிபிஐ1468 என்ற எச்சரிக்கை வந்து விழுந்தது. சிஸ்டத்தின் ஜாப் டேபிள்கள் நிரம்பும் நிலையை நெருங்குகின்றன என்று அர்த்தம். கணினியில் மொத்தம் எத்தனை ஜாப் இருக்கலாம் என்பதற்கு க்யூமேக்ஸ்ஜாப் என்ற சிஸ்டம் வேல்யூ (மொத்தக் கணினிக்கும் பொருந்தும் அமைப்பு மதிப்பு) உச்சவரம்பு வைக்கிறது. அது 1,63,520 என்ற ஆரம்ப மதிப்பில் வருகிறது. அந்த வரம்பைத் தொட்டுவிட்டால் புதிய ஜாப் எதையும் சப்மிட் செய்ய முடியாது, யாரும் சைன் ஆன் செய்யவும் முடியாது. மொத்தக் கணினியும் கதவை அடைத்துக்கொண்டது போலத்தான்.

அந்த மெசேஜைப் பார்த்ததும் நான் செய்த முதல் காரியம் தவறானது. க்யூமேக்ஸ்ஜாப் மதிப்பைக் கூட்டிவிட்டேன். அது உடனே நடைமுறைக்கு வரும். எச்சரிக்கை நின்றது, எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஆனால் குப்பைத் தொட்டி நிரம்பியதற்குப் பெரிய தொட்டி வாங்கி வைத்த கதைதான் அது. பட்டியல் கட்டளைகள் முன்பைவிட மெதுவாயின. இதே வேலையில் என்னைவிடப் பதினைந்து வருடம் மூத்தவர் ஒருவரிடம் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "டிஸ்ப்ளே ஜாப் டேபிள்ஸ் போட்டுப் பார்த்தீங்களா?"

அன்றுதான் அந்தத் திரையை முதல்முறை பார்த்தேன். அதைப் படிப்பதற்கு முன் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு ஜாப்புக்கும் கணினி இரண்டு விதமான அமைப்புகளை ஒதுக்குகிறது. ஒன்று நிரந்தர ஜாப் ஸ்ட்ரக்சர். இது ஜாப் டேபிளில் ஒரு வரி. ஜாப் க்யூவில் காத்திருக்கும்போதே அந்த வரி பிடிபட்டுவிடும். மற்றொன்று தற்காலிக ஜாப் ஸ்ட்ரக்சர். ஜாப் ஓடும்போது மட்டும் அது தேவை, முடிந்ததும் அடுத்த ஜாப்புக்குப் போய்விடும். நிரந்தர வரி அப்படி உடனே விடுபடாது. ஜாப் ஓடி முடிந்த பிறகும், அது உண்டாக்கிய ஸ்பூல் ஃபைல் (அச்சுக்கான வெளியீடு) ஒன்றே ஒன்று ஏதாவது அவுட்புட் க்யூவில் (அந்த வெளியீடுகள் காத்திருக்கும் வரிசையில்) கிடந்தால் போதும், அந்த வரி அந்த ஜாப்பின் பெயரிலேயே இருக்கும். விடுதி அறையைக் காலி செய்தவர் ஒரு குடையை விட்டுப் போய்விட்டார், குடையை எடுக்கும் வரை அறையை வேறு யாருக்கும் தர மாட்டோம் என்று விடுதிக்காரர் சொன்னால் எப்படி இருக்கும்? ஜாப் டேபிள் அந்த விடுதி மாதிரிதான். அந்தக் குடை பெரும்பாலும் ஜாப் லாக், அதாவது ஜாப் ஓடியபோது என்ன நடந்தது என்ற பதிவு.

ஒரு டேபிளில் அதிகபட்சம் 16,352 வரிகள். அது நிரம்பினால் அடுத்த டேபிள் பிறக்கும். 16,352-ஐப் பத்தால் பெருக்கினால் அந்த 1,63,520 வந்துவிடுகிறது. க்யூமேக்ஸ்ஜாப்பின் ஆரம்ப மதிப்பு பத்து டேபிள் அளவு என்று அன்றுதான் புரிந்தது.

எங்கள் திரையில் பத்து டேபிள் இருந்தன. முதல் ஒன்பது முழு அளவு, பத்தாவது பாதிக்குள். மொத்த வரிகள் சுமார் 1,53,000. அதில் பயன்பாட்டில் இருப்பவை சுமார் 1,49,000. எஃப்11 விசையை அழுத்தினால் அந்த "பயன்பாட்டில்" என்பது பிரிந்து தெரியும்: ஓடிக்கொண்டிருப்பவை, ஜாப் க்யூவில் காத்திருப்பவை, அவுட்புட் க்யூவில் ஸ்பூல் ஃபைல் வைத்திருப்பவை, ஜாப் லாக் நிலுவையில் இருப்பவை. எங்களிடம் உண்மையில் ஓடிக்கொண்டிருந்த ஜாப்கள் 1,100-தான். ஜாப் க்யூவில் ஐம்பது அறுபது. நிலுவை ஜாப் லாக் 1,800 சொச்சம். மீதி ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரமும் என்றோ ஓடி முடிந்து, ஏதோ ஒரு தாளை விட்டுப் போனவை.

பட்டியல் கட்டளைகள் ஏன் இழுத்தன என்பதற்கு விடை இதுதான். அவை ஜாப் டேபிளை வரிவரியாக மேய்ந்துதான் பட்டியல் போடுகின்றன. நமக்கு வேண்டியது ஆயிரம் ஜாப் என்றாலும் அது ஒன்றரை லட்சம் வரிகளைத் தாண்டித்தான் வர வேண்டும். மின்சாரம் போன நாளில் ஐபிஎல் நின்றதும் இதனால்தான். முறையாக இறங்காத கணினி மறுபடி ஏறும்போது அத்தனை வரிகளையும் சரிபார்க்க வேண்டும்.

அடுத்த கேள்வி, இத்தனை தாள்கள் எங்கிருந்து வந்தன? வொர்க் வித் அவுட்புட் க்யூ கட்டளையில் எல்லா க்யூக்களையும் கேட்டு, ஃபைல் எண்ணிக்கை பெரிதாக இருப்பவற்றைக் குறித்துக்கொண்டேன். மூன்று க்யூக்களிலேயே பெரும்பங்கு இருந்தது. முதலாவது, ஜாப் லாக் போய்ச் சேரும் க்யூ. வெளியிலிருந்து ஃபைல் வரும்போதெல்லாம் அதைப் பதிவு செய்ய பின்னணியில் ஓடும் ஒரு பேட்ச் ஜாப் சப்மிட் ஆகும்படி இரண்டு வருடம் முன்பு ஒரு இன்டர்ஃபேஸ் எழுதியிருந்தோம். அந்த ஜாப் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் ஜாப் டிஸ்கிரிப்ஷனில் லாக்கிங் அளவை, சோதனைக் காலத்தில் வைத்தபடியே, எல்லாவற்றையும் முழு விளக்கத்தோடு எழுது என்று விட்டுவிட்டோம். ஜாப் இரண்டு வினாடியில் முடியும். லாக் மட்டும் இரண்டு பக்கம் வந்து க்யூவில் உட்காரும். தினமும் சில நூறு.

இரண்டாவது க்யூவில் அதே ஜாப் எழுதும் விதிவிலக்கு அறிக்கை. பிழை எதுவும் இல்லாத நாளிலும் தலைப்பை மட்டும் அச்சடித்து ஒரு ஸ்பூல் ஃபைல் உண்டாக்கிக்கொண்டிருந்தது. அந்த வெற்றுத் தாளை இரண்டு வருடத்தில் யாரும் திறந்ததில்லை. புரோகிராமில் திருத்த வேண்டியது சின்ன விஷயம்தான்: எழுத வரி இருந்தால் மட்டும் பிரிண்டர் ஃபைலைத் திற.

மூன்றாவது க்யூ என்னை ஏமாற்றப் பார்த்தது. அதில்தான் ஃபைல் எண்ணிக்கை மிக அதிகம். ஆனால் உள்ளே பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை க்யூபிஆர்டிஜாப் என்ற பெயருள்ள ஜாப்களின் கீழ் இருந்தன. சர்வர் ஜாப் ஒன்று வேறொரு பயனாளர் சார்பில் ஸ்பூல் ஃபைல் உண்டாக்கும்போது, அது அந்தப் பயனாளரின் க்யூபிஆர்டிஜாப் கணக்கில் சேரும். ஒரே ஜாப்பின் கீழ் ஆயிரக்கணக்கான ஃபைல்கள் இருக்கலாம். அப்படியானால் பத்தாயிரம் ஃபைல் அழித்தும் ஜாப் டேபிளில் இரண்டே வரிதான் விடுபடும். ஆகவே ஃபைல்களை எண்ணக் கூடாது, எத்தனை வெவ்வேறு ஜாப்களுக்குச் சொந்தம் என்று எண்ண வேண்டும். இதை எஸ்க்யூஎல்லில் செய்வது சுலபம். க்யூசிஸ்2 லைப்ரரியில் அவுட்புட் க்யூ என்ட்ரீஸ் என்று ஒரு வியூ இருக்கிறது. க்யூவின் பெயர் வாரியாக, வேறுபடும் ஜாப் பெயர்களை எண்ணிப் பெரியதிலிருந்து அடுக்கினால் எங்கே கை வைக்க வேண்டும் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் நேராக அழிக்கப் போயிருந்தால் மூன்றாவது க்யூவில் ஒரு வார இறுதியைத் தொலைத்திருப்பேன்.

அழிப்பதில் நிதானமாக இருந்தோம். ஜாப் லாக்கைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அறிக்கைகள் அப்படியல்ல. ஒவ்வொரு க்யூவுக்கும் யார் பொறுப்பு என்று தேடிப் பிடித்து, எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கினேன். கணக்குப் பிரிவில் மாதக் கடைசி அறிக்கைகளைத் தொடவே கூடாது என்றார்கள். அவற்றைத் தனி க்யூவுக்கு நகர்த்தினோம். மற்றவற்றையும் அழிப்பதற்கு முன், அவுட்புட் க்யூவை சேவ் ஆப்ஜெக்ட் கட்டளையில் ஸ்பூல் ஃபைல் தரவோடு சேர்த்து டேப்பில் எடுத்து வைத்தோம். ஸ்பூல் ஃபைல் தரவுக்கான பாராமீட்டரை "ஸ்டார் ஆல்" (*ALL) என்று மாற்றாமல் ஆரம்ப மதிப்பிலேயே விட்டால் வெறும் க்யூ மட்டும்தான் சேவ் ஆகும், உள்ளே இருப்பவை வராது. டேப்பை எடுத்து வைத்துக்கொண்டு நிம்மதியாக அழித்துவிட்டுப் பிறகு இது தெரிய வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே சேவ் முடிந்ததும் டேப்பில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அழிக்கும் ஜாப்பை இரவில், குறைந்த முன்னுரிமையில், ஒரு மாதத்துக்குரியதை ஒரு தவணையாக ஓடவிட்டோம். புதிய ரிலீஸ்களில் சிஸ்டூல்ஸ் லைப்ரரியில் பழைய ஸ்பூல் ஃபைல்களை அழிக்கும் ப்ரொசீஜர் ஒன்று வருகிறது. அதில் முன்னோட்டம் பார்க்கும் பாராமீட்டர் உண்டு. தேதி, க்யூ, லைப்ரரி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லி, முதலில் முன்னோட்டத்தில் ஓட்டி, பட்டியலைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நிஜமாக ஓட்ட வேண்டும். எங்கள் முதல் முன்னோட்டத்திலேயே கணக்குப் பிரிவின் இரண்டு அறிக்கைகள் பட்டியலில் வந்தன. நகர்த்தும்போது விடுபட்டவை. முன்னோட்டம் இல்லாமல் ஓட்டியிருந்தால் அவை போயிருக்கும்.

ஐந்தாறு இரவுகளில் அழித்து முடித்தோம். மறுநாள் காலை ஆவலாக வந்து வொர்க் வித் யூசர் ஜாப்ஸ் போட்டேன். அதே எக்ஸ் குறி. கொஞ்சம் வேகம் கூடியிருந்தது, ஆனால் நான் எதிர்பார்த்தது அதுவல்ல.

டிஸ்ப்ளே ஜாப் டேபிள்ஸ் போட்டதும் காரணம் தெரிந்தது. பயன்பாட்டில் இருப்பவை சுமார் 6,000 ஆகக் குறைந்திருந்தன. மொத்தம் மட்டும் அதே 1,53,000. பத்து டேபிளும் அப்படியே இருந்தன. வரிகள் காலியாயினவே தவிர, டேபிள்கள் சுருங்கவில்லை. மேய்கிற கட்டளை காலி வரிகளையும் தாண்டித்தான் போக வேண்டும். அழிப்பது பாதி வேலைதான் என்பதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. நீங்கள் இந்த வேலையில் இறங்கினால் அந்த முதல் காலையில் மனம் தளர வேண்டாம் என்பதற்காகவே இதை விரிவாகச் சொல்கிறேன்.

டேபிளைச் சுருக்குவது ஐபிஎல் நேரத்தில்தான் நடக்கும். சேஞ்ச் ஐபிஎல் ஆட்ரிபியூட்ஸ் கட்டளையில் "கம்ப்ரெஸ் ஜாப் டேபிள்ஸ்" என்று ஒரு பாராமீட்டர் இருக்கிறது. எப்போதும் வேண்டாம், சாதாரண ஐபிஎல்லில் மட்டும், அசாதாரண ஐபிஎல்லில் மட்டும், எல்லா ஐபிஎல்லிலும், அடுத்த ஐபிஎல்லில் மட்டும் என்று தேர்வுகள். நான் "ஸ்டார் நெக்ஸ்ட்" கொடுத்தேன். அடுத்த முறை மட்டும் சுருக்கிவிட்டு, மதிப்பு தானாகவே "ஸ்டார் நன்" ஆகிவிடும். எல்லா முறையும் சுருக்கு என்று வைத்துவிடலாமே என்று உடன் வேலை செய்பவர் கேட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. சுருக்குவதற்கு நேரம் பிடிக்கும். எதிர்பாராமல் கணினி விழுந்து, எல்லோரும் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தக் கூடுதல் வேலை வேண்டாம்.

ஐபிஎல்லுக்கு முன் இன்னொன்றைப் பார்க்க வேண்டியிருந்தது. க்யூடாட்ஜாப் என்ற சிஸ்டம் வேல்யூ. கணினி ஏறும்போதே எத்தனை நிரந்தர வரிகளைத் தயாராக வைக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. எங்களிடம் அது 60,000 என்று இருந்தது. யார், எப்போது, ஏன் அப்படி வைத்தார்கள் என்று எந்தக் குறிப்பும் இல்லை. அதை அப்படியே விட்டிருந்தால், இத்தனை பாடுபட்டுச் சுருக்கியும் தேவையில்லாத அளவுக்குப் பெரிய டேபிள்களோடுதான் கணினி ஏறும். வழக்கமான நாளில் எத்தனை ஜாப் இருக்கும் என்று இரண்டு வாரம் குறித்து வைத்ததில் ஆறாயிரத்தை ஒட்டியே இருந்தது. கொஞ்சம் கூடுதலாக 7,500 வைத்தோம். இந்த மாற்றம் அடுத்த ஐபிஎல்லில்தான் நடைமுறைக்கு வரும் என்பதால் இதை முன்பே செய்தாக வேண்டும். நான் ஐபிஎல் முடித்துவிட்டுப் பார்த்திருந்தால் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை போயிருக்கும்.

வரிகள் போதாமல் போனால் எத்தனை எத்தனையாகக் கூட்டுவது என்பதை இன்னொரு வேல்யூ தீர்மானிக்கிறது. அது மிகச் சிறிதாக இருந்தால் கணினி அடிக்கடி நின்று நின்று கூட்டும். மிகப் பெரிதாக இருந்தால் ஒவ்வொரு முறை கூட்டும்போதும் உறுத்துகிற அளவுக்குத் தடங்கல் வரும். முதல் மதிப்பைச் சரியாக வைத்தால் இதற்கு வேலையே வராது, ஆகவே வந்தபடியே விட்டோம். தற்காலிக ஸ்ட்ரக்சர்களுக்கும் இதே மாதிரி ஒரு ஜோடி உண்டு. காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் சைன் ஆன் செய்யும்போது இழுத்தால் மட்டும் அதைப் பாருங்கள்.

அந்த ஞாயிறு ஐபிஎல் வழக்கத்தைவிட நீண்டது. எதிர்பார்த்ததுதான், அதற்கென்று நேரம் கேட்டு வாங்கியிருந்தோம். கணினி ஏறியதும் முதல் கட்டளையாக ஜாப் டேபிள் திரையைத் திறந்தேன். ஒரே ஒரு டேபிள். வொர்க் வித் யூசர் ஜாப்ஸ் போட்டு என்டர் அழுத்திய கை விசையை விடுவதற்குள் பட்டியல் வந்தது. பக்கத்தில் நின்ற இரவு ஆபரேட்டர் "இன்னொரு தடவை போடுங்க சார்" என்றார். போட்டேன். அவர் முகத்தில் வந்த சிரிப்பை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அத்தனை மாதமும் ஒவ்வொரு இரவும் அந்த எக்ஸ் குறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

சரி, மறுபடி நிரம்பாமல் இருக்க என்ன செய்தோம்? இதில்தான் நிறையக் கற்றுக்கொண்டேன், இரண்டு இடத்தில் சறுக்கவும் செய்தேன்.

முதல் மாற்றம் லாக்கிங். அந்த பேட்ச் ஜாப்பின் ஜாப் டிஸ்கிரிப்ஷனில் லாக் அளவின் மூன்றாம் பகுதியை "ஸ்டார் நோலிஸ்ட்" ஆக்கினோம். ஜாப் நல்லபடியாக முடிந்தால் லாக் எழுதப்படாது. அசாதாரணமாக முடிந்தால், அதாவது எண்ட் கோட் 20 அல்லது அதற்கு மேல் இருந்தால், முழு விளக்கத்தோடு லாக் வரும். கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை என்று தோன்றும். மூன்றாம் வாரம் ஒரு ஃபைல் பாதி பதிவாகி நின்றது. ஜாப் லாக்கைத் தேடினால் இல்லை. அந்த ஜாப்பில் ஓடும் சிஎல் (கட்டளை மொழி) புரோகிராமின் தலையில் எல்லாப் பிழைகளையும் விழுங்கும் மானிட்டர் மெசேஜ் வரி ஒன்று இருந்தது. பிழை வந்தாலும் அது விழுங்கிவிட்டு அமைதியாக முடிந்துவிடும். கணினியின் பார்வையில் அது "நல்லபடியாக முடிந்த" ஜாப். என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க ஒரு நாள் ஆனது. அதன் பிறகு ஒவ்வொரு புரோகிராமாகத் திறந்து, பிழையை விழுங்குபவை எவை, மேலே எறிபவை எவை என்று பிரித்தோம். பிழையை ஒழுங்காக மேலே அனுப்பும் புரோகிராம்களுக்கு மட்டும் நோலிஸ்ட். விழுங்குபவற்றைத் திருத்தும் வரை பழையபடி லாக் எழுதவிட்டு, ஏழு நாளில் அழிக்கிறோம்.

இரண்டாவது, ஸ்பூல் ஃபைல் ஆக்ஷன் என்னும் ஏற்பாடு. வி5ஆர்2 ரிலீஸில் வந்தது. ஜாப் முடிந்ததும் அதன் ஸ்பூல் ஃபைல்களை அதோடு சேர்த்தே வைத்திருப்பதா, கழற்றிவிடுவதா என்பதைச் சொல்லலாம். "ஸ்டார் டீடாச்" என்றால் ஜாப் முடிந்ததும் ஃபைல்கள் கழன்றுகொள்ளும். ஜாப் டேபிளில் இருந்த வரி உடனே விடுபடும், ஃபைல் அவுட்புட் க்யூவில் பத்திரமாக இருக்கும். குடையை வரவேற்பறையில் வாங்கி வைத்துக்கொண்டு அறையைத் திறந்துவிடுவது மாதிரி. சிஸ்டம் வேல்யூவாக மொத்தத்துக்கும் வைக்கலாம், ஜாப் டிஸ்கிரிப்ஷனில் தனித்தனியாகவும் வைக்கலாம்.

நான் அதை ஒரே வீச்சில் சிஸ்டம் வேல்யூவில் மாற்றினேன், யாரிடமும் சொல்லாமல். அதுதான் இரண்டாவது சறுக்கல். ஹெல்ப் டெஸ்கில் இருந்தவர்கள் முடிந்த ஜாப்பின் அறிக்கையை வொர்க் வித் ஜாப் போட்டு, நான்காம் தேர்வில் பார்த்துப் பழகியவர்கள். கழற்றிவிட்ட ஃபைல்கள் அந்த வழியில் வராது. "அறிக்கையெல்லாம் காணாமல் போய்விட்டது" என்று காலையிலேயே புகார்கள். எதுவும் காணாமல் போகவில்லை. வொர்க் வித் ஸ்பூல்டு ஃபைல்ஸ் போட்டாலோ அவுட்புட் க்யூவைத் திறந்தாலோ அப்படியே இருந்தன. ஆனால் அது அவர்களுக்கு எப்படித் தெரியும்? முதல் நாளே உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். பழைய மதிப்புக்குத் திருப்பிவிட்டு, ஒரு வாரம் எல்லோருக்கும் புதிய வழியைக் காட்டி, பிறகு பேட்ச் ஜாப் டிஸ்கிரிப்ஷன்களில் மட்டும் டீடாச் வைத்தோம். இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

டீடாச் வைத்தாலும் நிலுவை ஜாப் லாக் வரியை விடாது, ஏனென்றால் அது இன்னும் ஸ்பூல் ஃபைலே ஆகவில்லை. லாக்கை எழுதாமல் நிலுவையில் வை என்று ஏதாவது ஜாப்பில் சொல்லியிருந்தால் அவை சத்தமில்லாமல் சேரும். வொர்க் வித் ஜாப் லாக்ஸ் கட்டளையில் அவற்றைப் பார்க்கலாம். எங்களிடம் இருந்த 1,800 அப்படி வந்தவைதான்.

அறிக்கைகளுக்குக் காலாவதித் தேதி வைத்தோம். பிரிண்டர் ஃபைலில் அதைக் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு ஸ்பூல் ஃபைலும் தன் தேதியோடு பிறக்கும். ஆனால் தேதி கடந்ததும் தானாகப் போய்விடும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். டெலீட் எக்ஸ்பயர்டு ஸ்பூல்டு ஃபைல்ஸ் என்ற கட்டளையை யாராவது ஓட்ட வேண்டும். ஜாப் ஷெட்யூலில் தினமும் அதிகாலை ஓடும்படி சேர்த்தோம். அதோடு ஸ்பூல் இடத்தை மீட்கும் சிஸ்டம் வேல்யூ எட்டு நாள் என்ற ஆரம்ப மதிப்பில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க் மிச்சமாகும் என்று அதை "ஸ்டார் நன்" ஆக்கிவிடுவார்கள். காலியான ஸ்பூல் மெம்பர்களை உடனுக்குடன் அழித்து, மறுபடி உண்டாக்கி, ஸ்பூல் வேலையே மந்தமாகிவிடும்.

க்யூமேக்ஸ்ஜாப்பை மறுபடி 1,63,520-க்கே இறக்கினேன். அது எச்சரிக்கை தரும் வேலி. வேலியைத் தள்ளிப் போட்டால் எச்சரிக்கையும் தள்ளிப் போகும்.

இப்போது திங்கட்கிழமை காலைகளில் ஜாப் டேபிள் திரையை ஒருமுறை திறந்து, மொத்தம், பயன்பாட்டில், அவுட்புட் க்யூவில் என்று மூன்று எண்களை ஒரு ஃபைலில் சேர்த்துவிடுகிறேன். போன மாதம் அவுட்புட் க்யூ எண்ணிக்கை ஒரே வாரத்தில் தொள்ளாயிரம் கூடியிருந்தது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் தன் சோதனை ஜாப்பின் லாக்கிங்கை முழு அளவில் வைத்து, அப்படியே ப்ரொடக்ஷனுக்கு அனுப்பியிருந்தார். நான் செய்த அதே காரியம். அவரைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, எஃப்11 அழுத்திக் காட்டினேன். அன்று மாலையே அவர் தன் ஜாப் டிஸ்கிரிப்ஷனைத் திருத்திவிட்டார். கணக்குப் பிரிவின் மாதக் கடைசி அறிக்கைகளைப் பிடிஎஃப் ஆக மாற்றி வெளியே வைக்கும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. அந்தத் தனி க்யூவில் மட்டும் 2,300 ஜாப்கள் காத்துக்கொண்டிருக்கின்றன.